சிறு பிள்ளையுடன் தூண்டில் போட எந்தக் கயாக்? தெற்கு ஒண்டாரியோ ஏரிகளை முன்வைத்து ஓர் ஒப்பீடு

மீன்பிடிப்பதற்கென்று விற்கப்படும் கயாக்குகளில் பெரும்பாலானவை தனியாகப் போகும் ஒரு பெரியவரை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. உயரமான இருக்கை, எழுந்து நின்று தூண்டில் வீசத் தட்டையான தளம், நான்கைந்து தூண்டில் தாங்கிகள், மீன் காட்டும் கருவியைப் பொருத்த ஒரு பீடம் என்று விளம்பரங்கள் அடுக்கும் சிறப்புகள் யாவும் அவருக்கானவை. அதே படகில் ஐந்து வயதுப் பிள்ளையும் ஏறப் போகிறது என்றால், அந்தப் பட்டியலில் பாதி பயனற்றுப் போகிறது. சில அம்சங்கள் இடைஞ்சலாகவும் ஆகிவிடுகின்றன. எனவே ‘சிறந்த மீன்பிடி கயாக் எது’ என்று தேடத் தொடங்குபவர்கள் தவறான அலமாரியின் முன் நிற்கிறார்கள் என்பது என் கருத்து. மீன்பிடிப்பு வசதிகளைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். படகின் அகலத்தையும் எடையையும் இருக்கை அமைப்பையும் பிறகு மாற்ற முடியாது.

எந்தச் சூழலுக்காகத் தேர்கிறோம் என்பதை முதலிலேயே வரையறுத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் சூழல் மாறினால் விடையும் மாறும். டொரொண்டோவிலோ அதன் கிழக்கு, வடக்குப் புறநகர்களிலோ வசிக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தாய், தந்தை இருவரில் ஒருவர், நான்கு முதல் எட்டு வயதுக்குள் ஒரு பிள்ளை, கூரையில் படகைக் கட்டிச் செல்லக்கூடிய ஒரு கார், ஜூன் இறுதியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரையிலான வார இறுதிக் காலைகள். பிடிக்கப் போகும் மீன்கள் சன்ஃபிஷ், பெர்ச், ராக் பாஸ் போன்றவை. இவை கரையோர நீர்ச்செடிகளுக்கும் படகுத்துறைத் தூண்களுக்கும் அருகே நிற்பவை. ஒரு மண்புழுத் துண்டுக்கும் சிறு மிதவைக்கும் எளிதில் மயங்குபவை. இவற்றுக்காகக் கரையை விட்டு வெகுதூரம் போக வேண்டிய தேவையே இல்லை. ஆகவே கடைக்காரர்கள் பெருமையாகப் பேசும் வேகத்துக்கு இந்த ஒப்பீட்டில் ஏறக்குறைய மதிப்பே இல்லை.

நீரைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1830களில் லிண்ட்சேயில் எழுந்த அணையால் விரிந்த ஸ்கூகாக் ஏரியின் சராசரி ஆழம் இரண்டு மீட்டருக்கும் குறைவு. கோடையின் நடுவில் அதன் பெரும்பகுதி நீர்க்களைகளால் நிறைந்துவிடும். ரைஸ் ஏரியும் ஆழமற்றதே. சிம்கோ ஏரி அப்படிப்பட்டதன்று. 700 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்து கிடக்கும் அதில் காற்று எழுந்தால் அலையும் விரைவாக எழும். எனினும் அதன் தென்கோடியில் உள்ள குக்ஸ் பே ஆழம் குறைந்த, பெர்ச் மிகுந்த ஒரு குடா. ஒண்டாரியோ ஏரியின் திறந்த நீரை இந்தப் பட்டியலிலிருந்து நீக்கியே விடலாம். சில வகைக் காற்று மேற்பரப்பின் வெதுவெதுப்பான நீரைக் கரையிலிருந்து விலக்கித் தள்ளும்போது, அடியிலுள்ள குளிர்ந்த நீர் மேலே வந்து, நடுக்கோடையிலும் ஒரே நாளில் ஏரி குளிர்ந்துவிடும். பிக்கரிங்கின் ஃப்ரெஞ்ச்மன்ஸ் பே போன்ற ஒதுங்கிய குடாக்கள் வேறு. அவற்றின் வாயைத் தாண்டாத வரை நல்லவை.

குளிர்நீரைப் பற்றி இங்கே பேசுவதற்குக் காரணம் உண்டு. மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய ‘1-10-1’ என்ற விதியைக் கனடாவில் படகு ஓட்டுபவர்கள் பலர் அறிவார்கள். குளிர்ந்த நீரில் விழுந்தவருக்கு மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஏறத்தாழ 1 நிமிடம். கைகால்களைப் பயனுள்ள வகையில் இயக்க 10 நிமிடம். உடல் வெப்பம் இழந்து நினைவு தப்புவதற்கு முன் 1 மணி நேரம். இது பெரியவர்களுக்கான கணக்கு. சிறிய உடல் வெப்பத்தை இன்னும் விரைவாக இழக்கும். ஆகவே கயாக்கை மதிப்பிடுவதற்கான முதல் கேள்வி, அது கவிழுமா என்பதன்று. எந்தக் கயாக்கும் கவிழக்கூடியதே. கவிழ்ந்த பிறகு, பிள்ளையை ஒரு கையில் பிடித்தபடி ஒரே ஆள் அதை நிமிர்த்தி, பிள்ளையை முதலில் ஏற்றி, பின் தானும் ஏற எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதே கேள்வி.

இந்தக் கேள்வியை வைத்த உடனேயே உள்ளமர்வு கயாக்குகள், அதாவது உடலின் கீழ்ப்பாதி படகுக்குள் மறைய அமரும் வகை, போட்டியிலிருந்து விலகுகின்றன. உடை நனையாது, காற்று படாது, வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் வெதுவெதுப்பாக இருக்கும் என்பவை உண்மையான நன்மைகளே. ஆனால் அகன்ற திறப்புள்ள இருவர் கயாக் ஒன்று கவிழ்ந்தால் அதன் வயிற்றில் நூற்றுக்கணக்கான லிட்டர் நீர் நிறையும். அதை ஆழநீரில் இறைத்துக்கொண்டே ஒரு பிள்ளையையும் பார்த்துக்கொள்வது பயிற்சி பெற்றவருக்கும் கடினம். பிள்ளை கவிழ்ந்த படகின் அடியில் அகப்படும் வாய்ப்பும் இருக்கிறது. வசந்தத்தின் குளிரைச் சமாளிக்கச் சரியான வழி படகு வகையை மாற்றுவதன்று. பிள்ளையை அழைத்துக்கொண்டு அந்தப் பருவத்தில் போகாமல் இருப்பதே.

மேலமர்வு கயாக், கடைகளில் ‘சிட்-ஆன்-டாப்’ என்று கேட்டால் காட்டுவார்கள், நம்முடைய கட்டுமரத்தின் தருக்கத்தில் இயங்குவது: ஏறி அமர்வதற்குத்தான் இடம் உண்டே தவிர, நீர் நிறைவதற்குப் பள்ளம் இல்லை. நான்கு பக்கமும் மூடிய பாலிஎத்திலின் உடலின் மேல் நாம் அமர்கிறோம். தளத்தில் தேங்கும் நீர் ஓட்டைகள் வழியாகத் தானே வடிந்துவிடும். கவிழ்ந்தால் புரட்டிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். பிட்டம் எப்போதும் சற்று ஈரமாகவே இருக்கும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஜூலையில் எந்தப் பிள்ளையும் அதைக் குறையாகச் சொல்லப் போவதில்லை.

காற்றடைக்கும் கயாக்குகள் அடுத்த போட்டியாளர்கள். ஸ்காபரோவின் அடுக்குமாடிகளில் வசிப்போருக்கு இவற்றின் ஈர்ப்பு எளிதில் புரியும்: மின்தூக்கியில் ஏறும், அலமாரியில் அடங்கும், கார்க் கூரையில் எதையும் பொருத்த வேண்டாம். இன்டெக்ஸ் எக்ஸ்ப்ளோரர் கே2 சில நூறு டாலருக்குள் கிடைக்கிறது. 10 அடி 3 அங்குல நீளம், 36 அங்குல அகலம், 400 பவுண்டு, அதாவது சுமார் 181 கிலோ, தாங்கும் என்கிறது பெட்டி. சற்று விலை கூடிய சீ ஈகிள் 370, 12 அடி 6 அங்குல நீளமும் வெறும் 32 பவுண்டு எடையும் கொண்டது. அதன் சுமைதிறன் 650 பவுண்டு, ஏறத்தாழ 295 கிலோ. இந்தப் பெரிய எண்களைப் பார்த்து மயங்க வேண்டாம். காற்றுக் குழாய்கள் எவ்வளவு எடையையும் மிதக்க வைக்கும். ஆனால் நீருக்கு மேல் உயர்ந்து நிற்கும் அதே குழாய்கள்தான் காற்றில் பாய்போல் வேலை செய்து, நிற்க நினைத்த இடத்தில் நம்மை நிற்கவிடாமல் தள்ளுகின்றன. துடுப்பை வைத்துவிட்டுப் பிள்ளையின் கொக்கியில் புழுவைக் கோத்து முடிப்பதற்குள் படகு நாணலுக்குள் போயிருக்கும். கொக்கி குத்திப் படகு மூழ்கிவிடும் என்ற அச்சம் சற்று மிகையானது. நல்ல மாதிரிகளில் தனித்தனிக் காற்றறைகள் உள்ளன. எனினும் ஆறு வயதுக் கையில் கொக்கியும், காலடியில் மெல்லிய பிவிசியும் இருக்கும்போது மனம் நிம்மதியாக இராது.

இவற்றால் நமக்கு இன்னொரு வேலையும் சேர்கிறது. ஒண்டாரியோவில் 2022 ஜனவரியிலிருந்து, படகை ஒரு நீர்நிலையிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்வதற்கு முன் அதில் ஒட்டியுள்ள நீர்ச்செடி, சேறு, உயிரினங்கள் ஆகியவற்றை அகற்றுவதும் நீரை வடிப்பதும் சட்டப்படிக் கட்டாயம். கடினமான பிளாஸ்டிக் உடலைத் துணியால் துடைத்து ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம். காற்றடைத்த கயாக்கின் மடிப்புகளிலும் தரையடி இடுக்குகளிலும் புகுந்த களையையும் ஈரத்தையும் எடுப்பது அரைமணி வேலை. பின்சீட்டில் பிள்ளை பசியோடு காத்திருக்கும் அரைமணி.

இனி, விலையிலும் பேச்சிலும் உச்சத்தில் இருக்கும் மிதி கயாக்குகள். காலால் மிதித்தால் படகு நகரும், கைகள் தூண்டிலுக்கு முழுவதும் விடுதலை பெறும் என்ற எண்ணத்தை ஹோபி நிறுவனம் 1997இல் தன் மிராஜ் டிரைவ் மூலம் சந்தையில் நிலைநிறுத்தியது; அதில் படகின் அடியில் இரண்டு துடுப்புச் சிறகுகள் பக்கவாட்டில் அசைகின்றன. பின்னர் பல நிறுவனங்கள் மிதிவண்டிபோல் சுழற்றும் விசிறி அமைப்பைக் கொண்டுவந்தன. பிள்ளையுடன் போகும்போது இவற்றுக்கு உண்மையான ஒரு நன்மை உண்டு, அதை மறைக்கக் கூடாது: சிக்கிய தங்கூசியை, அதாவது தூண்டில் இழையை, இரு கைகளாலும் பிரித்துக்கொண்டே, காற்றுக்கு எதிராகக் காலை மெல்ல மிதித்துப் படகை ஒரே இடத்தில் நிறுத்தி வைக்கலாம். பிள்ளையுடன் போனால் நாளில் பெரும்பகுதி தங்கூசியைப் பிரிப்பதிலேயே கழியும் என்பதால் இது சிறிய நன்மையன்று.

இருந்தும் நான் இவற்றைப் பரிந்துரைக்கத் தயங்குவதற்குக் காரணங்கள் பல. ஸ்கூகாக் போன்ற களை மிகுந்த ஏரியில் விசிறியைச் சுற்றிச் செடிகள் கயிறாகத் திரண்டுவிடும். ஒவ்வொரு முறையும் அதைத் தூக்கிப் பிரிக்க வேண்டும். சிறகு வகையை உடலோடு ஒட்ட மடக்கிக் களையின் மேல் வழுக்கிச் செல்லலாம் என்றாலும், அப்போது மிதிக்க முடியாது. துடுப்பையே எடுக்க வேண்டும். நமக்கான மீன்கள் நிற்பதோ முழங்கால் ஆழத்திலிருந்து இடுப்பளவு ஆழம் வரையிலான நீரில். மேலும், இருவர் அமரும் மிதி கயாக்கில் முன்னிருக்கையின் மிதிகளுக்குச் சிறு பிள்ளையின் கால் எட்டாது. சுழலும் பாகங்களுக்கு அருகே விரல்களை வைத்து விளையாட அதற்கு நன்றாகவே எட்டும். முன் மிதிகளைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம். அப்படிப் போனால், 4,000 டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிய பொருளில் பாதியை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறோம் என்று பொருள்.

எல்லாவற்றையும்விடத் தீர்மானமான காரணம் எடை. இருவர் மிதி கயாக் எல்லாம் பொருத்திய நிலையில் 50 கிலோவை நெருங்கும் அல்லது தாண்டும். இரண்டு பெரியவர்கள் அதைக் கூரையில் ஏற்றலாம். நம் சூழலில் ஒருவர்தான் இருக்கிறார், அவருடைய ஒரு கண் எப்போதும் வாகன நிறுத்தத்தில் ஓடும் பிள்ளையின் மேல் இருந்தாக வேண்டும். இழுவை வண்டி வாங்கினால் இது தீரும். அதை நிறுத்த இடம் வேண்டும், உரிமத்தகடு வேண்டும். ஏற்றுவது பெரும்பாடாக இருக்கும் படகு மூன்றாவது வார இறுதியிலேயே கொட்டகையில் தங்கிவிடும். மிதிக்குப் பதில் சிறு மின்மோட்டார் பொருத்தலாம் என்று எண்ணுபவர்களுக்கும் ஒரு சொல்: மோட்டார் பொருத்திய கணமே, அது மின்மோட்டாராக இருந்தாலும், ஓட்டுபவர் படகோட்டும் தகுதி அட்டை வைத்திருக்க வேண்டும் என்பது கனடாவின் விதி. துடுப்புக்கு அது தேவையில்லை.

தனியாள் மீன்பிடி கயாக்கின் முன்தளத்தில் பிள்ளையை உட்காரவைத்துக்கொள்வோரைப் பல ஏரிகளில் காணலாம். 34 அங்குல அகலம் இருக்கிறதே, இடம் இருக்கிறதே என்பது அவர்கள் வாதம். இடம் இருக்கிறது, இருக்கை இல்லை, முதுகுக்கு ஆதாரம் இல்லை, கால் வைக்கப் பள்ளம் இல்லை. அதோடு இத்தகைய கயாக்கின் உயர்ந்த இருக்கை பெரியவரின் எடையை மேலே தூக்கிவிடுகிறது. படகின் நிலைத்தன்மையை அகலம் மட்டும் தீர்மானிப்பதில்லை, எடை எவ்வளவு தாழ்வாக அமர்ந்திருக்கிறது என்பதும் தீர்மானிக்கிறது. மீனைக் கண்டதும் ஒரு பக்கமாகச் சாயும் பிள்ளை முன்னால் இருக்கும்போது, பின்னாலுள்ளவரின் இருக்கை ஒரு சாண் தாழ்ந்திருப்பது பெரிய வித்தியாசம்.

இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் எஞ்சுவது, பகட்டில்லாத, 12 அடி அளவிலான, துடுப்பால் ஓட்டும் இருவர் மேலமர்வு கயாக். எடுத்துக்காட்டாக ஓஷன் கயாக் நிறுவனத்தின் மாலிபு டூ: 12 அடி நீளம், 34 அங்குல அகலம், 57 பவுண்டு, அதாவது 26 கிலோ எடை. இதில் கவனிக்க வேண்டியது இருக்கை அமைப்பு. முன், நடு, பின் என மூன்று இடங்கள் உள்ளன. இருவர் போகும்போது முன்னும் பின்னும், தனியாகப் போகும்போது நடுவிலும் இருக்கையை மாற்றிக்கொள்ளலாம். கடைக்காரர் இதைத் தனியாகப் போவதற்கான வசதியாக விற்பார். பிள்ளையுடன் போவோருக்குத்தான் இது இன்னும் அதிகம் பயன்படும். 80 கிலோ பெரியவர் பின்னிருக்கையிலும் 20 கிலோ பிள்ளை முன்னிருக்கையிலும் அமர்ந்தால், பின்முனை அமிழ்ந்து முன்முனை மேலே தூக்கிக்கொள்ளும்; தூக்கிய முனையைக் காற்று பிடித்துப் படகைத் திருப்பிக்கொண்டே இருக்கும். பெரியவர் நடுவில் அமர்ந்து, பிள்ளை அவருக்கு முன்னால் அமர்ந்தால் படகு ஓரளவு சமமாக மிதக்கும். பிள்ளை கைக்கெட்டும் தூரத்திலும் இருக்கும். அதன் உயிர்காப்பு அங்கியின் கழுத்துப் பிடியை எட்டிப் பிடிக்க எழுந்திருக்க வேண்டியதில்லை. நடு இருக்கை இல்லாத இருவர் கயாக்கை வாங்குவோர், நீர்ப்புட்டிகளையும் நங்கூரத்தையும் உணவுப் பெட்டியையும் முன்முனையில் வைத்து எடையை ஈடுசெய்ய வேண்டியிருக்கும்.

சுமைக் கணக்கை இந்த மாதிரியிலேயே செய்து பார்க்கலாம். அறிவிக்கப்பட்ட உச்ச வரம்பு 425 பவுண்டு, சுமார் 193 கிலோ. உச்ச வரம்பு என்பது படகு மூழ்காமல் தாங்கும் அளவேயன்றி, நன்றாக நடந்துகொள்ளும் அளவன்று. அதில் 70 விழுக்காட்டோடு நிறுத்திக்கொள்வது படகோட்டிகளிடையே பொதுவாக வழங்கும் நடைமுறை. அப்படியானால் கைவசம் 135 கிலோ. 80 கிலோ பெரியவர், 20 கிலோ பிள்ளை, 20 கிலோ பொருட்கள் என்றால் 120 கிலோ, இடம் மிஞ்சுகிறது. பெரியவர் 95 கிலோ என்றால் எல்லையில் நிற்கிறோம். பிள்ளையோ ஆண்டுதோறும் வளரும். அத்தகையோர் அதே வகையின் நீளம் கூடிய மாதிரியை, 13 அடி 4 அங்குலம் கொண்ட மாலிபு டூ எக்ஸ்எல் போன்றதை, நோக்கிப் போக வேண்டும். அது 33 கிலோ எடை. தனியாகக் கூரையேற்ற முடியாததன்று, ஆனால் முதலில் ஒரு முனையை மட்டும் கூரைச் சட்டத்தில் சாய்த்துப் பின் மறுமுனையைத் தூக்கித் தள்ளும் முறையைப் பழக வேண்டும்.

இந்தத் தேர்வில் மீன்பிடி வசதி என்று எதுவும் இல்லையே என்று கேட்கலாம். இல்லைதான், அதனால் இழப்பும் இல்லை. பின்புறத்தில் ஒரு தூண்டில் தாங்கி, பக்கவாட்டில் ஒரு கயிற்று வளையம், ஒன்றரைக் கிலோ மடக்கு நங்கூரம், இவ்வளவு போதும். நங்கூரக் கயிற்றை முன்முனையிலோ பின்முனையிலோதான் கட்ட வேண்டும். நடுப்பக்கத்தில் கட்டினால் காற்றும் அலையும் படகைச் சாய்த்துவிடும். ஒரு இழுப்பில் அவிழும் முடிச்சும், கைக்கெட்டும் இடத்தில் ஒரு கத்தியும் அவசியம். மிதி கயாக்கின் ஒரே பெரிய நன்மையை இந்த நங்கூரம் பெருமளவு ஈடுசெய்துவிடுகிறது. பிள்ளைக்கு ஐந்தடிக்கு மேற்படாத கோலும், பொத்தானை அழுத்தி விடும் வகைச் சுருளும் ஏற்றவை. வீசக் கற்றுக்கொடுக்கும் இடம் கரை, படகன்று. பின்னால் அமர்ந்திருப்பவரின் முகம் பிள்ளையின் கொக்கி பின்னோக்கி வரும் பாதையிலேயே இருக்கிறது. படகில் மிதவையை நேராகக் கீழே இறக்கினால் போதும். கொக்கியின் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிட்டால், மீனிலிருந்தும் நம் விரலிலிருந்தும் அது எளிதாகக் கழன்று வரும்.

உயிர்காப்பு அங்கியும் படகுத் தேர்வோடு தொடர்புடையதே. கனடாவின் ஒப்புதல் பெற்ற சிறுவர் அளவு பொதுவாக 14 முதல் 27 கிலோ எடையுள்ளவர்களுக்கானது; கால்களுக்கிடையில் வரும் பட்டையும் கழுத்துப் பிடியும் இருக்க வேண்டும். காற்றால் உப்பும் வகை 16 வயதுக்குட்பட்டோருக்கு ஒப்புதல் பெற்றதன்று, எனவே தடித்த நுரைதான். அந்த நுரை, உயர்ந்த முதுகுள்ள இருக்கையில் பிள்ளையை முன்னோக்கித் தள்ளி அங்கியைக் காதுவரை ஏற்றிவிடும். முதுகுப்பகுதியைத் தாழ்த்தவோ கழற்றவோ முடிகிற இருக்கையே வேண்டும். வாங்குவதற்கு முன் பிள்ளைக்கு அங்கியை மாட்டிக் கடையிலேயே உட்காரவைத்துப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிள்ளையைப் படகோடு எந்தக் கயிற்றாலும் பிணைக்கக் கூடாது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை என்று எண்ணினேன். ஆனால் அப்படிக் கட்டப்பட்ட பிள்ளைகளையும் காண நேர்வதால் சொல்லிவைக்கிறேன்.

கயாக் அல்லாத ஒரு மாற்றையும் நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். தாய், தந்தை இருவரும் வருவார்கள் என்றாலோ, பிள்ளைகள் இருவர் என்றாலோ, மேற்புறம் திறந்த துடுப்புப் படகான கனூ, 15 அல்லது 16 அடி நீளத்தில், இந்த மாகாணத்தில் கயாக்கைவிட நல்ல விடை. நடுவில் பிள்ளைகள் தாழ்வாக அமரலாம், உயர்ந்த பக்கங்கள் அவர்களைத் தடுத்து வைக்கும், பொருட்களுக்கு இடம் தாராளம். ஒரே பெரியவர் ஓட்டும்போதுதான் அதன் குறை தெரியும்: வெற்று முன்பகுதியைக் காற்று பிடித்துக்கொள்ளும், நீர் புகுந்தால் தானே வடியாது. ஒண்டாரியோ மாகாணப் பூங்காக்கள் பலவற்றில் இரண்டும் வாடகைக்குக் கிடைப்பதால், ஒரு கோடையை வாடகையிலேயே கழித்துவிட்டு முடிவெடுப்பது வீண்செலவாகாது. 18 வயதுக்குட்பட்ட கனடிய வாசிகளுக்கு மீன்பிடி உரிமம் தேவையில்லை. பெரியவருக்குத் தேவை, ஆண்டில் சில நாட்கள் மாகாணம் அறிவிக்கும் உரிமமில்லா மீன்பிடி நாட்களைத் தவிர.

பழைய கயாக் வாங்குவதாக இருந்தால், வாடகை நிலையங்கள் தம்மிடமுள்ளவற்றை விற்றுக் கழிக்கும் செப்டம்பர் ஏற்ற மாதம். அடிப்புறக் கீறல்களைப் பொருட்படுத்த வேண்டாம். கரையில் இழுத்த எந்தப் படகிலும் அவை இருக்கும். நீர் வடியும் ஓட்டைகளின் உள்விளிம்பையும், இருக்கைக்கு நேர் கீழேயுள்ள பகுதியையும் விரலால் தடவி வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பாலிஎத்திலினை ஒட்டுவது கடினம். அங்கே வெடித்த உடலைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. பின்முனையின் வடிதிருகைக் கழற்றிச் சாய்த்தால் கொஞ்சம் நீர் வரலாம், அது மூடிகளின் வழியே கசிந்ததாக இருக்கும். வாளியளவு வந்தால் வேறு படகைத் தேடுவதே நல்லது.